பாதி திரையில், பாதி திண்ணையில்

2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் அரியலூர்க் கல்லூரியும் ஒன்று. ஆண்டுக்கு 150 மாணவர்களுக்கு அங்கே இடமுண்டு. பெரம்பலூரை அடுத்த சிறுவாச்சூரில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்று அதற்கு முன்பே நடந்து வருவதையும் சேர்த்து எண்ணினால், மானாவாரிப் பருத்தியையும் மக்காச்சோளத்தையும் நம்பிப் பிழைக்கும் இவ்விரு ஜில்லாக்களிலும் வைத்தியம் படிப்போருக்கு இனிப் பஞ்சமில்லை. படித்து முடித்தவர்கள் வேப்பந்தட்டையிலும் ஆண்டிமடத்திலும் தங்குவார்களா என்பதே விஷயம். அந்த மனம் பட்டம் வாங்கியபின் திடீரென்று வந்துவிடாது. முதலாண்டிலேயே அதற்கு வித்திட வேண்டும்.

வித்திடும் வழிகளில் ஒன்றாக இப்போது பேசப்படுவது கலப்பு முறைக் கல்வி. விரிவுரைகளையும் படங்களையும் மாணவன் தன் சௌகரியம்போல் திரையில் கேட்டுக்கொள்வான். நோயாளியின் அருகிலும் ஜனங்களின் வீட்டிலும் கற்க வேண்டியதை நேரில் கற்பான். கொரோனாக் காலத்தில் வேறு வழியின்றி வகுப்புகள் திரைக்குப் போனபோது, விரிவுரையைத் திரை சுமந்துவிடும் என்பதும், நாடி பிடிக்கத் திரை கற்றுத்தராது என்பதும் ஒருசேரத் தெளிவாயின.

எண்ணம் புதியதன்று. சமூகத்தை அறிந்த வைத்தியரே தேவை என்று 1946இலேயே நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டி எழுதிவைத்தது. 1977இல் மருத்துவக் கல்லூரிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களோடு பிணைக்கும் திட்டம் வந்து, நாளடைவில் தளர்ந்தது. அதே ஆண்டில் கே.வி.குப்பம் வட்டாரத்தில் 'ருஹ்சா' என்னும் கிராமப் பணியைத் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, சிற்றூர்களில் தொழில் செய்யும் வைத்தியர்களுக்கென்று குடும்ப மருத்துவப் படிப்பொன்றை 2006இல் ஏற்படுத்தி, வீட்டிலிருந்தே படிக்கும் பாடநூல்களையும் காணொளிச் சந்திப்பையும் நேர்ப்பயிற்சியையும் அதில் இணைத்தது. ஊரைவிட்டு வராமலே வைத்தியர் மேலும் கற்கலாம் என்பதற்கு அது நல்ல அத்தாட்சி.

இன்று தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி, இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்துக் குடும்பங்கள் சிலவற்றைத் தத்தெடுத்து, படிப்புக் காலத்தில் திரும்பத் திரும்பச் சென்று பார்த்துவர வேண்டும். எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடிய ஒரு காட்சியைச் சொல்கிறேன். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியின் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்க்கிறாள் மாணவி, கூடுதலாக இருக்கிறது. மாத்திரை அட்டையிலோ பாதி அப்படியே கிடக்கிறது. "ஏன் ஆயா, மாத்திரை போடறதில்லையா?" என்று கேட்டால், "அத முழுங்குனா அடிக்கடி நீர் பிரியுது பாப்பா. களை எடுக்கப் போற அன்னிக்குக் கொல்லையில ஒதுங்க மறைவு எங்க இருக்கு?" என்று பதில் வருகிறது. மருந்தியல் நூலில் இம்மாத்திரை நீரைப் பெருக்கும் என்று உண்டு. களைவெட்டும் பெண்ணுக்கு அது எத்தனை பெரிய சங்கடம் என்று இல்லை. அன்று மாலை திரைவழிக் கலந்துரையாடலில் மாணவி இதை எடுத்துவைக்க, வேளையை மாற்றலாமா, மருந்தையே மாற்றலாமா என்று ஆசிரியர் விளக்க, ஒரு திண்ணையில் கண்டது வகுப்பு முழுமைக்கும் பாடமாகிறது. கலப்பு முறையின் பிரயோஜனம் இங்கேதான் இருக்கிறது.

மொழியிலும் ஒரு சிக்கலுண்டு. 'கிறுகிறுப்பு', 'மசக்கை' என்றால் நகரத்து மாணவர் சிலர் விழிப்பார்கள். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபின், அச்சொற்களோடு வளர்ந்த பிள்ளைகளும் அதே வகுப்பில் அமர்கிறார்கள். மருத்துவப் படிப்புக் கிட்டாமல் 2017இல் மறைந்த குழுமூர் அனிதாவின் பெயரே அரியலூர்க் கல்லூரியின் அரங்குக்குச் சூட்டப்பட்டிருக்கிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

எனக்கிருக்கும் சந்தேகம் ஒன்றுதான். விரிவுரை திரைக்குப் போவதால் மிச்சமாகும் மணிகள் செந்துறைக்கும் திருமானூருக்கும் போய்ச் சேருமா, அல்லது இன்னொரு விரிவுரை அவற்றை விழுங்கிவிடுமா? படம் பிடித்துக்கொண்டு பதிவேட்டில் கையொப்பம் வாங்குவதே விஜயம் என்றாகிவிட்டால், அந்த ஆயாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்க்க எவருக்கும் அவகாசமிராது.