சவுக்குக் கழியில் பாய்மரம்

சவுக்குத் தோப்பு வைத்திருப்போரில் சிலர் எல்லாக் கழிகளையும் விறகுக்கோ காகித ஆலைக்கோ எடைபோட்டு விடுகிறார்கள். நேராக வளர்ந்த, கணுக் குறைந்த கழி சிறு படகின் பாய்மரத்திற்கு உதவும். இயந்திரப் படகுகள் பெருகிய இன்றும் பாய் கட்டும் படகுகள் உண்டு. ஆகவே அதைத் தனியே எடுத்து வையுங்கள்.

வெட்டியவுடன் பட்டையை உரித்து, இரு முனைகளிலும் தார் பூசி, நிழலில் முட்டுக் கொடுத்துக் கிடத்தவும். வெயிலில் போட்டால் சவுக்கு வெடிக்கும். முனை வெடிப்பை அறுத்து நீக்கலாம். நெடுக ஓடிய வெடிப்பு என்றால் அது விறகுதான்.

நுனியை மெலிதாக்கும்போது சுற்றிலும் சமமாக இழைக்க வேண்டும். ஒரே பக்கம் இழைத்தால் கழி நாளடைவில் வளையும். முதலில் நான்கு முகமாகவும் பிறகு எட்டு முகமாகவும் செதுக்கி, கடைசியில் உருட்டுங்கள்.

இரு முனைகளையும் கட்டை மேல் தாங்கி நடுவில் அழுத்திப் பாருங்கள். நெரியும் ஓசை கேட்டால் கழித்து விடுங்கள். கடலில் முறிந்தால் ஆள்மேல் விழும். தேறிய கழிக்கு மீன் எண்ணெய் பூசவும். கணுக்களிலும் கயிறு உராயும் இடங்களிலும் இருமுறை பூசவும்.