கேஸட்டா, கார்டா? ஒரு கல்யாண கலாட்டா!

'வீடியோ வந்துருச்சா தம்பி?'

கல்யாண வீடியோ எடுப்பவனுக்கு இந்தக் கேள்வி, கடன் வாங்கியவன் காதில் விழும் வட்டிக்காரர் குரல் மாதிரி. கேட்டதும் பைக்கை வேறு சந்துக்குள் திருப்பத் தோன்றும்!

நான் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறவன். மற்ற நாளெல்லாம் உளுந்து, துவரை. முகூர்த்த நாள் வந்தால் லீவு போட்டுவிட்டு மாலை, தாலி!

ஆரம்பத்தில் என்னிடம் இருந்தது மினி டி.வி. கேமரா. (சின்ன டெலிவிஷன் என்று நினைத்துவிடாதீர்கள். 1995-ல் வந்த டிஜிட்டல் வீடியோ கேஸட். உள்ளங்கையில் அடங்கிவிடும்.) ஒரு கேஸட்டில் ஒரு மணி நேரம் பதியும். சிவகாசிப் பக்கம் சுமாரான கல்யாணம் என்றாலே ஐந்து கேஸட் ஆகும்.

எடுத்து முடித்தால் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை. கேமராவை ஒயரில் மாட்டி, ஓடவிட்டு, கம்ப்யூட்டருக்கு ஏற்ற வேண்டும். ஐந்து மணி நேரம் எடுத்ததை ஏற்ற, அதே ஐந்து மணி நேரம்! 'அவசரம் சார்' என்று வேகமாக ஓட்டவும் முடியாது. மாப்பிள்ளை அழைப்பை இரண்டாம் தடவையும் பொறுமையாகப் பார்த்தே ஆகணும். இந்தத் தடவை டிபன் கிடையாது!

ஒரு மணி நேரப் படம் ஹார்ட் டிஸ்க்கில் சுமார் 13 ஜி.பி. இடத்தை அடைக்கும். என் கம்ப்யூட்டரில் மொத்தமே 80 ஜி.பி. ஒரு கல்யாணத்தை முடித்து அனுப்பினால்தான் அடுத்த கல்யாணத்துக்கு உள்ளே இடம்!

போதாததற்கு மின்வெட்டு. 2008-லிருந்து 2012 வரை நம் ஊர்ப்பக்கம் பட்ட பாடு ஞாபகமிருக்கிறதா? நாற்பதாவது நிமிஷத்தில் பொட்டென்று கரண்ட் போகும். வந்ததும் கேஸட்டை ரீவைண்ட் பண்ணி... மறுபடியும் முதலிலிருந்து மேளச் சத்தம்.

அதனால் 2010-ல் நண்பர் ஒருவர் கார்டு கேமரா வாங்கியதும், இரவல் கேட்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். ஸோனியும் பானாஸோனிக்கும் சேர்ந்து 2006-ல் அறிவித்த ஏ.வி.சி.ஹெச்.டி. முறையில் பதியும் கேமரா அது. கார்டை உருவிக் கம்ப்யூட்டரில் செருகினால், மூன்று மணி நேரப் படம் அரை மணியில் உள்ளே வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது எனக்கு!

எடிட்டிங்கில் உட்கார்ந்ததும் மறுபடி தண்ணீர் வந்தது. வேறு காரணம்! கேஸட்டில் ஒவ்வொரு பிரேமும் முழுப்படமாக இருக்கும். எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். இந்த ரகக் கார்டு படத்திலோ எப்போதாவது ஒரு முழுப்படம். நடுவில் மாறியது என்ன என்ற குறிப்பு மட்டும். ஓர் இடத்தில் வெட்ட வேண்டுமானால் கம்ப்யூட்டர் முன்னும் பின்னும் கணக்குப் போட்டுப் படத்தை உருவாக்கணும். என் பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது. வேறு பார்மட்டுக்கு மாற்றிவிட்டுத்தான் எடிட் பண்ண முடிந்தது. அதற்கு ஒரு ராத்திரி போச்சு!

ஆனாலும் வேகம் யாரை விட்டது? அதே வருஷம் திருத்தங்கலில் ஒரு கல்யாணம். பெண்ணின் அப்பா பட்டாசு பேக்டரியில் போர்மேன். என்னிடம் ஒரே ஒரு கார்டு. காலை முகூர்த்தத்தை மண்டபத்திலேயே நண்பரின் லேப்டாப்பில் ஏற்றினேன். கார்டைத் துடைத்துவிட்டு, சாயங்கால ரிசப்ஷனை அதிலேயே எடுத்தேன். மூன்றாம் நாள் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் 'டிக்... டிக்...' என்றது. அதோடு சரி. கார்டிலிருந்து மீட்கலாம் என்றால், முகூர்த்தத்தின் மேலேயே ரிசப்ஷன் உட்கார்ந்திருக்கிறது!

நல்லவேளை, புதுக் கேமராவில் நம்பிக்கை இல்லாமல் பழைய கேஸட் கேமராவையும் தூணோரம் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்தேன். தாலி கட்டு அதில் இருந்தது, நாதஸ்வரக்காரர் முழங்கையோடு. ஆனால் ஒரு மணி நேரத்தில் கேஸட் தீர்ந்துவிட்டது. மாற்ற ஆள் இல்லை. அதன்பின் நடந்த, பெண்ணின் தாத்தா ஆசீர்வாதம் எதிலும் இல்லை.

போய்ச் சொன்னேன். போர்மேன் அண்ணாச்சி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

'எங்க பேக்டரியில மருந்து ரூமு, திரி ரூமு எல்லாம் தள்ளித் தள்ளித்தான்யா கட்டியிருக்கும். ஏன்? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தப்பிக்கணும். நீ என்னடான்னா எம் மக கல்யாணத்தையே ஒரே பெட்டிக்குள்ள வச்சிருக்க!'

அந்தப் பக்கத்தில் இடைவெளியின் அருமை தெரியாதவர் கிடையாது. அவர் சொன்னதற்கு எனக்குப் பதில் வரவில்லை. அந்த வருஷ ஐப்பசியில் தாத்தா போய்ச் சேர்ந்தார். 'அப்பா பேசினது எதுலயாச்சும் இருக்கா தம்பி?' என்று மறுபடி கேட்டார்கள். இல்லை.

அப்புறம்தான் உறைத்தது. கேஸட்டின் மந்தத்திலேயே ஒரு லாபம் இருந்தது. கம்ப்யூட்டருக்கு ஏற்றிய பிறகும் ஒரிஜினல் அலமாரியில் தூங்கும். மண்டி பாஷையில் சொன்னால், பேரேடு எரிந்தாலும் சிட்டை மிஞ்சும். கார்டிலோ, நாமாகக் காப்பி வைத்தால்தான் சிட்டை உண்டு.

இன்று புதிதாகக் கேஸட் கேமரா வாங்க யாரும் போவதில்லை. கார்டுதான். ஆகவே, இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதியும் கேமராவா என்று பாருங்கள். இல்லையென்றால், இரண்டு தனித்தனி டிஸ்க்கில் காப்பி ஏறி, இரண்டையும் ஓட்டிப் பார்க்கும்வரை கார்டைத் துடைக்காதீர்கள். ஒரு டிஸ்க் உங்கள் வீட்டில். இன்னொன்று வேறு வீட்டில். அண்ணாச்சி சொன்ன இடைவெளி!

உங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் பழைய மினி டி.வி. கேஸட் கிடக்கிறதா? உடனே கம்ப்யூட்டருக்கு ஏற்றிவிடுங்கள். அதை ஓட்டும் கேமராக்கள் குறைந்துகொண்டே வருகின்றன. அந்தக் கேஸட்டில் உங்கள் தாத்தா பேசிக்கொண்டிருக்கலாம்.

கல்யாணம் ஒரு தடவைதான் (பெரும்பாலும்!). காப்பி மட்டும் ரெண்டு எடுங்க சார்!