ஐப்பசிக்கு முன்னர் ஆகவேண்டிய காரியங்கள்

தமிழ்நாடு ஓராண்டில் பெறும் மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. நம் கரையைத் தாக்கும் பெரும் புயல்களும் பெரும்பாலும் இம்மூன்று மாதங்களிலேயே வருகின்றன. புயல் வரக்கூடும் என்னும் முதற்குறிப்பை வானிலைத் துறையினர் சுமார் 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிடுகிறார்கள். உயிரைக் காத்துக்கொள்ள அம்மூன்று நாள் போதும். தறியையும் நூலையும் தோப்பையும் காக்க அது போதாது. அவற்றுக்குரிய மாதம் புரட்டாசியே.

முதலில் குழித்தறியை எடுத்துக்கொள்வோம். தறிக்குழிக்குள் நீர் வாசல் வழியாக மட்டும் வருவதில்லை. தொடர்மழையில் நிலத்தடி நீர் உயர்ந்ததும் குழியின் அடியிலிருந்தே ஊறத் தொடங்குகிறது. ஆகையால் குழியைச் சுற்றி அரையடி வரப்புக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர் பாதி வேலையைத்தான் செய்தவராவார். குழியின் அடியையும் பக்கங்களையும் சிமெண்டுப் பூச்சால் மூடுவது அவசியம். அதையும் மீறி ஊறும் நீரை இறைப்பதற்கு, ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே இயந்திரம் வாங்க இயலாது. தெருவுக்கு ஒன்றாகச் சிறிய நீரிறைக்கும் இயந்திரத்தைச் சங்கமே வாங்கி வைக்கலாம். மின்சாரம் தடைப்படும் நாளில்தான் அது தேவைப்படும் என்பதால், எண்ணெயில் ஓடுவதாக இருத்தல் நலம்.

தெருவில் பாவை நீட்டிக் கஞ்சியிட்டு உலர்த்தும் வேலை மழையில் நடவாது. ஈரம் ஏறிய பாவில் கஞ்சி பூஞ்சணம் பிடிக்கும். வெயில் உள்ளபோதே ஒவ்வொரு தறிக்கும் ஒரு பாவையாவது கூடுதலாக ஆயத்தம் செய்து வைத்தால், அடைமழை நாளிலும் கூலி முற்றிலும் நின்றுபோகாது.

இனி நூலைப் பற்றி. கிட்டங்கியில் சிப்பங்களைத் தரையிலும் சுவரோரத்திலும் அடுக்காமல், பலகைமேல் உயர்த்தி அடுக்கவேண்டும் என்பதை யாவரும் அறிவர். பலரும் கவனியாதது இன்ஷூரன்ஸ் பத்திரம். அதில் தீ விபத்துடன் புயலும் வெள்ளமும் சேர்ந்துள்ளனவா என்று நிர்வாகக் குழுவினர் வரிவரியாகப் படித்துப் பார்ப்பாராக. அங்கத்தினர் வீட்டில் தறியேறியிருக்கும் பாவும், தாரில் சுற்றிய ஊடையும் சங்கத்தின் நூலே. கிட்டங்கிச் சரக்குக்கு மட்டும் எடுத்த பத்திரம் அந்நூலுக்குச் செல்லாது. அப்படியிருக்க, வெள்ளத்தில் அது பாழானால் நஷ்டம் சங்கத்தினுடையதா, நெசவாளருடையதா என்னும் வழக்கு எழுகிறது. பாஸ் புத்தகத்தில் அன்றன்று பதிவு இல்லாவிட்டால் அவ்வழக்கில் ஏழை நெசவாளரே தோற்பார். இருப்புப் பதிவேட்டை மாதக் கடைசியில் மொத்தமாக எழுதும் வழக்கத்தைத் தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் நான் காண்பதுண்டு. அவ்வழக்கம் ஐப்பசியில் மிகவும் ஆபத்தானது. பதிவேட்டின் பக்கங்களைப் படமெடுத்து, வேறோர் ஊரில் உள்ளவரிடம் ஒரு பிரதி இருக்கச் செய்வது இன்று எளிது.

தோப்பு உடையவர்கள் 2018 நவம்பர் 16-ஆம் நாளை மறந்திருக்கமாட்டார்கள். அன்று கரையைக் கடந்த கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னைகள் லட்சக்கணக்கில் சாய்ந்தன. நெட்டை மரம் நட்டுக் காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும் என்பதை எண்ணினால் அந்த ஒரே இரவின் நஷ்டம் விளங்கும். தலைப்பாரத்தைக் குறைப்பதே நம் கைக்கு எட்டிய பாதுகாப்பு. முற்றிய காய்களை இறக்கிவிட்டு, அடிமட்டைகளை மட்டும் கழிக்கவேண்டும். குருத்தைச் சூழ்ந்த இளமட்டைகளைத் தொடலாகாது. பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டினால் அக்காயத்தின் வாடைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும். நான்கடி விட்டே வெட்டுக. புயல் அறிவிப்பு வந்ததும் நீர் பாய்ச்சுவதை நிறுத்துதல் வேண்டும். நனைந்து இளகிய மண் வேரைப் பிடித்து நிறுத்தாது.

வீட்டைச் சுற்றிலும் சங்கக் கட்டடத்தைச் சுற்றிலும் உள்ள புல்லை மழைக்கு முன் வேரோடு செதுக்கிவிடுவது சிலர் வழக்கம். சுத்தமாகத் தோன்றும், ஆனால் முதல் மழையிலேயே அம்மண் கரைந்து வடிகாலை அடைக்கும். அறுகை வேரோடு விட்டுக் கட்டையாக அறுத்தாலே போதும். பாம்பு பதுங்கவும் இடமிராது. கூரைமேல் சாய்ந்த முருங்கைக் கிளைகளை இரக்கமின்றி வெட்டிவிடலாம். அது மீண்டும் தழைக்கும்.

தெருவில் தனித்திருக்கும் முதியோர், கர்ப்பிணிகள் ஆகியோர் பெயர்களையும், அவர்களை அழைத்துச் செல்லும் பொறுப்பு யாருடையது என்பதையும் எழுதிச் சங்க வாசலில் ஒட்டுக. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்தினுடையது 1070. அவற்றையும் அதிலேயே பெரிய எழுத்தில் எழுதலாம்.

கார்த்திகை கழிந்ததும் இறைக்கும் இயந்திரத்தைத் துடைத்து மூலையில் வைத்துவிட வேண்டாம். கடலூர்ப் பகுதியைச் சூறையாடிய தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30-ஆம் நாள், மார்கழி நடுவில். தை பிறக்கும்வரை அது எண்ணெயுடன் ஆயத்தமாக நிற்கட்டும்.