மஞ்சப்பை கற்பிக்கும் பாடம்

சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும் என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். மேடைதோறும் அது முழங்கப்படுகிறது. பள்ளிச் சுவர்தோறும் எழுதப்படுகிறது. எனினும், கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியில் பேசியவரும் கேட்டவரும் நெகிழிப் பையிலேயே காய்கறி வாங்கிச் செல்கின்றனர். அறிவுக்கும் பழக்கத்துக்கும் இடையே இத்துணை இடைவெளி நேர்வது ஏன்? நமக்கு நன்கு அறிமுகமான மஞ்சப்பையின் வரலாறு இவ்வினாவுக்கு விடை பகர்கின்றது.

மறைந்த காரணம்

ஒரு தலைமுறைக்கு முன்னர் மஞ்சப்பை தமிழர் இல்லந்தோறும் இருந்தது. திருமண வீட்டார் மணமக்கள் பெயரை அச்சிட்டு, தேங்காயும் வெற்றிலை பாக்கும் இட்டு வழங்கினர். துணிக்கடைக்காரர் தம் கடையின் பெயரைப் பொறித்துக் கொடுத்தனர். அப்பை பின்னர் சந்தைக்கும் மளிகைக் கடைக்கும் பல்லாண்டு உழைத்தது. கிழிந்தபின் அடுப்படியில் கரித்துணியாகவும் பயன்பட்டது.

பின்னர் நெகிழிப் பை வந்தது. அது எடை குறைந்தது, நனையாதது, எல்லாவற்றுக்கும் மேலாக, விலையின்றிக் கிடைத்தது. வெறுங்கையுடன் கடைக்குச் செல்லும் வசதி ஒருபுறம். மஞ்சப்பை ஏந்தியவரைப் பட்டிக்காட்டார் என நகைத்த போலி நாகரிகம் மறுபுறம். இவ்விரண்டுமே மஞ்சப்பையை வீழ்த்தின.

மீண்ட வரலாறு

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாடு அரசு 2019 சனவரி முதல் நாளிலிருந்து தடை விதித்தது. தடை ஒரு வாயிலை அடைத்ததேயன்றி, மாற்று வழியைத் திறந்திலது. ஆகவே 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. 2022இல் சென்னைக் கோயம்பேடு அங்காடியில், பத்து ரூபாய் செலுத்தினால் மஞ்சப்பை வழங்கும் இயந்திரம் நிறுவப்பட்டது. பை கொண்டுவர மறந்தவர்க்கும் அவ்விடத்திலேயே பை கிடைக்கச் செய்த இவ்வேற்பாடு நூறு சொற்பொழிவுகளுக்கு நிகராகும்.

அயர்லாந்து நாடு மற்றொரு வழியைக் கைக்கொண்டது. 2002 மார்ச்சில் நெகிழிப் பை ஒன்றுக்கு 15 சென்டு கட்டணம் விதித்தது. ஆண்டுக்கு ஆளுக்கு 328 ஆக இருந்த பைகளின் எண்ணிக்கை 21 ஆகச் சுருங்கியது. அங்கு எவரும் தடுக்கப்படவில்லை. இலவசம் மட்டுமே நீங்கியது.

ஓர் எச்சரிக்கை

துணிப்பை வைத்திருப்பதே அறமாகிவிடாது. பருத்தி விளைவிக்க நீரும், நூற்று நெய்ய மின்சாரமும் செலவாகின்றன. ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய நெகிழிப் பையினும் புவி வெப்பத்துக்குக் குறைந்த கேடு விளைவிக்க வேண்டுமெனில், பருத்திப் பையை 131 முறையேனும் பயன்படுத்த வேண்டும் என்று இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. நெகிழி சாக்கடையை அடைப்பதும் மாட்டின் வயிற்றில் சேர்வதும் இக்கணக்கில் அடங்கா. வாரம் ஒருமுறை எடுத்துச் சென்றால் இரண்டரை ஆண்டில் 131 நிறைவுறும். எனவே, பத்துப் பைகளை அலமாரியில் அடுக்குவதினும் ஒரே பையைக் கிழியும்வரை பயன்படுத்துவதே பயன் தரும்.

நாம் செய்யத்தக்கவை

வாயிற்கதவின் பின்புறம் ஓர் ஆணியடித்துப் பையை மாட்டி வைக்கலாம். இருசக்கர வண்டியின் பெட்டியில் ஒன்றை மடித்து வைக்கலாம். திருமண வீட்டார் மெல்லிய பைக்கு மாறாக, அழுத்தமாகத் தைத்த, அகன்ற பிடியுடைய பையை வழங்கலாம். வணிகர் பைக்குத் தனிவிலை குறிக்கலாம். ஊர்ப் பெரியவர்கள் தாமே பையுடன் கடைவீதிக்குச் சென்றால் இளையோர்க்குக் கூச்சம் அகலும். கல்லூரி மாணவர் அதனைப் பெருமையுடன் தோளில் இட்டால் பழைய ஏளனம் தானே மறையும்.

மக்கள் நெகிழியை ஏற்றது தீய எண்ணத்தால் அன்று. அது எளிதாக இருந்தமையால். நல்ல பழக்கத்தையும் அவ்வாறே எளிதாகவும் மதிப்புடையதாகவும் ஆக்குவோமாயின், மக்கள் அதனையும் மனமுவந்து ஏற்பர் என்பது திண்ணம்.