கைது செய்தால் கோர்ட் கேட்கும். போனை ஒட்டுக்கேட்டால் யார் கேட்பது? உபா சட்டமும் கண்காணிப்பு அதிகாரமும்: ஒரு விளக்கம்

2022-ம் ஆண்டு செப்டம்பர் 22-ம் தேதி. பாப்புலர் ஃப்ரன்ட் ஆஃப் இந்தியா அமைப்பின் அலுவலகங்கள், நிர்வாகிகளின் வீடுகள் என நாடு முழுக்க ஒரே நேரத்தில் சோதனை நடந்தது. திண்டுக்கல்லில் இருந்த அலுவலகமும் அந்தப் பட்டியலில் இருந்தது. உள்ளே என்.ஐ.ஏ. அதிகாரிகள் சோதனை போட, வெளியே அமைப்பைச் சேர்ந்தவர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஆறே நாளில், செப்டம்பர் 28-ம் தேதி, உபா சட்டத்தின் கீழ் அந்த அமைப்புக்கு ஐந்தாண்டுத் தடை விதித்தது மத்திய அரசு.

அத்தோடு முடியவில்லை. தஞ்சாவூர் மாவட்டம் திருபுவனத்தில் 2019 பிப்ரவரியில் ராமலிங்கம் கொல்லப்பட்ட வழக்கில், 2025 ஆகஸ்ட்டில் திண்டுக்கல், தென்காசி மாவட்டங்களில் மறுபடியும் சோதனை நடந்தது.

இப்படி வண்டிகள் வந்து போகிற ஒவ்வொரு முறையும் ஊருக்குள் ஒரே பேச்சுதான். "இவ்வளவு தகவல் அவங்களுக்கு எப்படிக் கிடைக்குது? நம்ம போனையும் கேட்பாங்களோ?"

கேள்வி ஒன்றுதான். ஆனால் அதற்குள் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று, பிடித்து உள்ளே வைக்கும் அதிகாரம். இன்னொன்று, நமக்குத் தெரியாமலேயே நம்மைக் கவனிக்கும் அதிகாரம். முதலாவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இரண்டாவதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஆனால் சிக்கல் அதிகம் இருப்பது அங்கேதான்.

முதலில், இப்படி ஒரு சட்டம் எதற்கு?

1998 பிப்ரவரி 14 கோவை தொடர் குண்டுவெடிப்பை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். 58 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபர் 23-ல், தீபாவளிக்கு முந்தைய நாள், அதே கோவையில் கார் வெடித்தது. அந்த வழக்கும் என்.ஐ.ஏ.விடம்தான் போனது. குண்டு வெடித்த பிறகு வந்து நிற்பதை விட, வெடிப்பதற்கு முன்பே தடுக்க வேண்டும் என்பதுதான் இந்தச் சட்டங்களுக்கு அரசு சொல்லும் காரணம். அந்தக் காரணத்தை லேசாக ஒதுக்கிவிட முடியாது. கேள்வி, அந்த அதிகாரத்தைச் சரிபார்ப்பது யார் என்பதுதான்.

தடா, பொடா, உபா... என்ன வித்தியாசம்?

தடா 1985-ல் வந்தது, 1995-ல் காலாவதியானது. எஸ்.பி. அந்தஸ்து அதிகாரியிடம் கொடுக்கும் வாக்குமூலமே கோர்ட்டில் சாட்சியமாகச் செல்லும் என்றது அந்தச் சட்டம். ராஜீவ் காந்தி கொலை வழக்கு தடாவில்தான் விசாரிக்கப்பட்டது. 1998 ஜனவரியில் 26 பேருக்கும் தூக்கு என்றது விசாரணை நீதிமன்றம். 1999 மே மாதம் அவர்களில் 19 பேரை உச்ச நீதிமன்றம் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. தடா குற்றமே இந்த வழக்கில் நிரூபணமாகவில்லை என்றும் சொன்னது.

பொடா 2002-ல் வந்தது. திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசியதற்காக ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ அந்த ஆண்டு ஜூலையில் கைதானார். 19 மாதங்கள் சிறையில் இருந்தார். இதில் ஒரு வேடிக்கை: பொடா நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது அதை ஆதரித்த கூட்டணியில்தான் அவருடைய கட்சியும் இருந்தது. தீவிரவாதச் செயலுக்குத் துணைபோகும் நோக்கம் இல்லாமல் வெறுமனே வாய்ப்பேச்சாக ஆதரவு தெரிவிப்பது பொடா குற்றம் ஆகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2004-ல் பொடா ரத்தானது.

ஆனால் ரத்தான பொடாவின் பல பிரிவுகள் அதே 2004-ல் வேறொரு சட்டத்துக்குள் குடியேறின. அதுதான் உபா. சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம் என்பது அதன் முழுப்பெயர். 1967-லிருந்தே இருக்கும் சட்டம். 2004, 2008, 2012, 2019 எனத் திருத்தத் திருத்த அதன் கை நீண்டது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அமைப்பை மட்டுமல்ல, ஒரு தனிநபரையே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம்.

தடாவில் இருந்த போலீஸ் வாக்குமூலப் பிரிவு உபாவில் இல்லை. அது நல்ல விஷயம். ஆனால் தடாவுக்கும் பொடாவுக்கும் காலக்கெடு இருந்தது. இத்தனை வருடம் கழித்து நாடாளுமன்றம் மறுபடி பேசி நீட்டிக்க வேண்டும். உபாவுக்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை. அது நிரந்தரம்.

ஜாமீன் ஏன் சுலபத்தில் கிடைப்பதில்லை?

சாதாரண வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய அதிகபட்சம் 90 நாள். உபாவில் கோர்ட் அனுமதியோடு 180 நாள் வரை இழுக்கலாம். போலீஸ் காவல் 30 நாள் வரை. இதைவிடக் கடுமையானது 43-டி(5) பிரிவு. போலீஸ் தரும் காகிதங்களைப் பார்த்து, 'குற்றச்சாட்டு மேலோட்டமாக உண்மை போலத் தெரிகிறது' என்று நீதிபதி நினைத்தாலே போதும், ஜாமீன் கிடையாது.

இது நடைமுறையில் எப்படி இருக்கும்? 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கைதான பி.எஃப்.ஐ. நிர்வாகிகள் 8 பேருக்கு 2023 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து சரணடையச் சொன்னது. காகிதங்கள் அதேதான். ஒரு கோர்ட்டுக்குப் போதாதது இன்னொரு கோர்ட்டுக்குப் போதுமானதாக இருந்தது. வழக்கு நடப்பது சென்னை பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில். திண்டுக்கல்லிலிருந்து ஒரு குடும்பம் வாய்தாவுக்குப் போக வேண்டுமென்றால் 400 கிலோமீட்டருக்கு மேல் பயணம்.

நாடாளுமன்றத்தில் அரசு தந்த கணக்குப்படி 2018 முதல் 2020 வரை உபாவில் கைதானவர்கள் 4,690 பேர். அதே காலத்தில் தண்டனை பெற்றவர்கள் 149 பேர். இரண்டும் ஒரே வழக்குகளின் கணக்கு அல்ல. வழக்கு முடிய வருடக்கணக்கில் ஆகும். ஆனால் அந்த வருடங்களைப் பலர் கழிப்பது சிறையில் என்பதுதான் விஷயம்.

அதனால்தான் 2021-ல் கே.ஏ. நஜீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் திறந்துவிட்டது. விசாரணை சீக்கிரம் முடிய வாய்ப்பே இல்லை என்றால், 43-டி(5) இருந்தாலும் உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் ஜாமீன் தரலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இவ்வளவு கடுமையான சட்டத்திலும் ஒரு நீதிபதி இருக்கிறார். கைதானவர் அவர் முன்னால் நிற்கிறார், வக்கீல் வாதாடுகிறார், மேல்முறையீடு இருக்கிறது. ஒட்டுக்கேட்பில் இது எதுவுமே இல்லை.

சரி, போனை ஒட்டுக்கேட்க யார் அனுமதி தர வேண்டும்?

இதற்கு வெகுகாலம் அடிப்படையாக இருந்தது, 1885-ம் ஆண்டு தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு. பிரிட்டிஷ்காரன் போட்டது. 'பொது அவசர நிலை' இருக்க வேண்டும், அல்லது 'பொதுப் பாதுகாப்பு' கேள்விக்குள்ளாகியிருக்க வேண்டும். அப்போதுதான் நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒட்டுக்கேட்கலாம். 1996-ல் பி.யு.சி.எல். வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நிபந்தனைகள் விதித்தது. அதன்படி இன்றைய நடைமுறை இதுதான்:

• உத்தரவு போடுபவர் மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலாளர்.

• ஓர் உத்தரவு 60 நாள் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் 180 நாளைத் தாண்டக் கூடாது.

• உத்தரவுகளை ஒரு மறுஆய்வுக் குழு பார்க்கும். மத்தியில் அமைச்சரவைச் செயலாளர், மாநிலத்தில் தலைமைச் செயலாளர் அதன் தலைவர். உறுப்பினர்களும் அரசுச் செயலாளர்களே.

கேட்கச் சொல்வதும் அரசு அதிகாரி, அது சரியா என்று பார்ப்பதும் அரசு அதிகாரி. நீதிபதிக்கு இதில் இடமே இல்லை.

அந்தக் குழுவாவது நிதானமாகப் பார்க்க முடிகிறதா? மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 ஒட்டுக்கேட்பு உத்தரவுகள் போடுவதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் 2013-ல் ஒரு பதில் வந்தது. குழு கூடுவது இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அப்படியானால் ஒரு கூட்டத்தில் 15,000 முதல் 18,000 உத்தரவுகளைப் பார்க்க வேண்டும். இது நடக்கிற காரியமல்ல என்று 2018-ல் நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது.

சென்னை உயர் நீதிமன்றம் போட்ட கோடு

2025 ஜூலை 2-ம் தேதி நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு சொன்னார். வருமான வரி அதிகாரிக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக ஒரு கல்வி நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் மீது சி.பி.ஐ. வழக்கு. அதற்காக 2011 ஆகஸ்ட்டில் மத்திய உள்துறை அவர் போனை ஒட்டுக்கேட்க உத்தரவிட்டிருந்தது. அந்த உத்தரவை நீதிபதி ரத்து செய்தார்.

காரணம் எளிமையானது. பொது அவசர நிலை, பொதுப் பாதுகாப்பு என்பவை வெளியே கண்ணுக்குத் தெரிய வேண்டிய நிலைமைகள். ரகசியமாக ஒரு குற்றத்தைத் துப்புத் துலக்குவதற்காக அந்த வார்த்தைகளை இழுத்து நீட்ட முடியாது. அதோடு, ஒட்டுக்கேட்ட தகவல்கள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவும் இல்லை. ஆகவே அந்தப் பதிவுகளை வழக்கில் பயன்படுத்தக் கூடாது என்றது தீர்ப்பு. 2017-ல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்று சொன்னதன் தொடர்ச்சி இது.

ஆனால் இதற்குச் சில நாள் முன்பு, ஜூன் மாதத்தில், தில்லி உயர் நீதிமன்றம் இன்னொரு ஊழல் வழக்கில் நேர்மாறாகச் சொன்னது. பெரிய ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும், எனவே ஒட்டுக்கேட்டது செல்லும் என்பது அதன் கருத்து. இரண்டில் எது நிற்கும் என்பதை உச்ச நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். அந்த நிர்வாக இயக்குநருக்குத் தன் போன் ஒட்டுக்கேட்கப்பட்டது தெரிய வந்ததே அவர் மேல் வழக்கு வந்ததால்தான். வழக்கே வராத ஆளுக்கு? கடைசிவரை தெரியாது. 'உங்கள் போனைக் கேட்டோம், ஒன்றுமில்லை, முடித்துக்கொண்டோம்' என்று பிறகாவது தெரிவிக்க வேண்டும் என நம் சட்டத்தில் எங்கும் இல்லை.

வாட்ஸ்அப், கம்ப்யூட்டர், கேமராவெல்லாம்?

இங்கே சென்னைத் தீர்ப்பு போட்ட கோடு உதவாது. கம்ப்யூட்டர், இணையத் தகவல்களுக்கு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு இருக்கிறது. அதில் பொது அவசர நிலையோ பொதுப் பாதுகாப்போ தேவையில்லை. 'எந்தக் குற்றத்தையும் புலனாய்வு செய்ய' என்ற காரணமே போதும். 2018 டிசம்பர் 20-ல் ஐ.பி., சி.பி.ஐ., என்.ஐ.ஏ., அமலாக்கத்துறை உட்பட 10 அமைப்புகளுக்கு மத்திய அரசு இந்த அதிகாரத்தைக் கொடுத்தது.

பெகாசஸ் விவகாரத்தில் 2021-ல் வெளியான பட்டியலில் மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தியின் எண்ணும் இருந்ததாகச் செய்தி வந்தது. பட்டியலில் எண் இருந்தாலே போன் ஊடுருவப்பட்டது என்று அர்த்தமில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. 5-ல் ஏதோ ஒரு உளவு மென்பொருள் இருந்தது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்றும் குழு சொன்னது.

தெருக் கேமராவுக்கோ உள்துறைச் செயலாளர் உத்தரவுகூட வேண்டாம். 2021-ல் தமிழ்நாடு காவல்துறை முக அடையாள மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் அந்த இணையதளத்துக்குள்ளேயே யாரோ புகுந்துவிட்டார்கள்.

கேட்டதைக் கோர்ட்டில் எப்போது காட்டலாம்?

உபாவின் 46-வது பிரிவு, முறைப்படி ஒட்டுக்கேட்ட பேச்சை சாட்சியமாக ஏற்கலாம் என்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: அந்த உத்தரவின் நகலை விசாரணைக்குக் குறைந்தது 10 நாள் முன்பு குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தர வேண்டும். உத்தரவைக் கேட்டு வாங்க வேண்டியதும், அது விதிப்படி போடப்பட்டதா என்று பார்க்க வேண்டியதும் முக்கியம். நகல் கையில் இருந்தால்தான் சென்னைத் தீர்ப்பு போல ஒன்றை வக்கீல் எடுத்துக் காட்ட முடியும்.

வீட்டுக்கே வந்துட்டாங்கன்னா?

• சோதனையின்போது அக்கம்பக்கத்தைச் சேர்ந்த சுயேச்சையான சாட்சிகள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். முழு சோதனையும் வீடியோவில் பதிவாக வேண்டும். இது 2024 ஜூலை முதல் அமலில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது.

• எடுத்துப்போகும் போன், லேப்டாப், பென் டிரைவ் அத்தனைக்கும் பட்டியல் போட்டு நகல் தர வேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

• கைது என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2024 மே மாதம் பிரபீர் புர்காயஸ்தா வழக்கில், எழுத்தில் தராததால் உபா கைதையே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

• குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். விசாரணையின் இடையே வக்கீலைச் சந்திக்கக் கேட்கலாம்.

கடைசியாக...

பிரிட்டனில் 2016 சட்டப்படி அமைச்சர் கையெழுத்துப் போட்டால் மட்டும் பத்தாது. நீதித்துறை ஆணையர் ஒருவரும் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒட்டுக்கேட்க முடியும். அதனால் அங்கே புலனாய்வு நின்றுபோய்விடவில்லை.

1885 சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோது நமக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. 2024 டிசம்பரில் புது ஒட்டுக்கேட்பு விதிகளும் வந்தன. உள்துறைச் செயலாளர், 60 நாள், 180 நாள், செயலாளர்கள் குழு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நீதிபதியை மட்டும் இந்த முறையும் சேர்க்கவில்லை.

ஆகவே 'நம்ம போனையும் கேட்பாங்களோ' என்ற கேள்விக்கு இன்றைய தேதியில் நேர்மையான பதில் இதுதான்: கேட்டால், அது உங்களுக்குத் தெரிய வராது. வழக்கு வந்தால்தான் தெரியும்.