ஏழடி மனிதருக்கு எங்கே இடம்?

2025 ஜூனில் என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டத்தில் இந்தியானா பேசர்ஸ் தோற்றது. அணியில் சென்டராக, அதாவது கூடையருகே ஆடும் உயரமான வீரராக, பத்து சீசன் ஆடிய மைல்ஸ் டர்னரின் ஒப்பந்தமும் அத்தோடு முடிந்தது. எங்கும் போக மாட்டார் என்றே பலரும் நினைத்திருக்க, ஜூலை முதல் தேதி அவர் மில்வாக்கி பக்ஸ் பக்கம் சாய்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு 10.7 கோடி டாலருக்கும் மேல்.

இத்தனைக்கும் பக்ஸ் கையில் அவ்வளவு பணத்துக்கு இடமே இல்லை. ஓர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கு லீக் ஆண்டுதோறும் உச்சவரம்பு வைக்கிறது. 2025-26 சீசனுக்கு அது சுமார் 15.46 கோடி டாலர். வெளி அணியிலிருந்து, ஒப்பந்தம் முடிந்த ஃப்ரீ ஏஜென்ட் ஒருவரைப் பெரிய தொகைக்கு எடுக்க வேண்டுமானால், வரம்புக்குள் அந்த அளவு மிச்சம் வேண்டும். பெரும்பாலான அணிகளுக்கு அது இருப்பதில்லை.

பக்ஸ் இடத்தைக் காலி செய்தது. காலில் தசைநாண் அறுந்து படுத்திருந்த நட்சத்திர வீரர் டேமியன் லில்லார்டை விடுவித்து, அவருக்குத் தரவேண்டிய சுமார் 11.3 கோடி டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துப் போட்டது. அணியில் இல்லாதவர் பெயரில் ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்கு மேல் கணக்கில் ஏறும். 1996இல் ஷகீல் ஓ'நீலை எடுக்க லேக்கர்ஸ் செய்ததும் இதே வேலைதான்: சென்டர் விளாடே டிவாட்ஸை ஷார்லட்டுக்கு அனுப்பி இடம் பிடித்தது. பதிலுக்கு வந்தவர், பள்ளியை முடித்த கையோடு லீகுக்குள் நுழைந்த கோபி பிரையன்ட்.

சொந்த அணிக்கு ஒரு சலுகை உண்டு. தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தன்னிடம் ஆடியவரை உச்சவரம்பைத் தாண்டியும் தக்கவைக்கலாம். முன்னாள் நட்சத்திர வீரர் லாரி பேர்ட் பெயரால் வழங்கும் விதி இது. பேசர்ஸுக்கு அந்த உரிமை முழுதாக இருந்தது. ஆனால் முன்னணி வீரர் ஹாலிபர்டன் காயத்தால் அடுத்த சீசன் முழுக்க ஆட முடியாத நிலையில், சம்பளச் செலவு எல்லை மீறினால் விழும் ஆடம்பர வரியைக் கட்ட நிர்வாகத்துக்கு மனமில்லை என்றே பேசப்பட்டது.

நியூயார்க் நிக்ஸின் கதை நேர்மாறு. சென்டர் ஐசையா ஹார்டன்ஸ்டைன் அங்கே ஆடியது இரண்டே ஆண்டுகள் என்பதால், 2024இல் விதிப்படி நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 7.25 கோடி டாலர்தான் தர முடிந்தது. கணக்கில் இடம் வைத்திருந்த ஓக்லஹோமா சிட்டி, மூன்று ஆண்டுகளுக்கே 8.7 கோடி தந்து அள்ளிக்கொண்டது. மறு ஆண்டு இறுதியில் டர்னரின் அணியை வீழ்த்தியது அந்த அணிதான்.

மிச்சமிருக்கும் வழி, அணிகள் வீரர்களைப் பரிமாறிக்கொள்ளும் டிரேட். உச்சவரம்பைத் தாண்டிய அணிகள் வரும் சம்பளத்துக்கு ஏறத்தாழ ஈடான சம்பளத்தை வெளியே அனுப்ப வேண்டும். 2022இல் ரூடி கோபேருக்காக மினசோட்டா ஐந்து வீரர்களையும் புதுமுக வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் நான்கு முதல் சுற்றுத் தேர்வுகளையும் யூட்டாவுக்குக் கொடுத்தது. இப்போதோ, சம்பளச் செலவில் உச்சத்தில் இருக்கும் அணிகள் பல வீரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒருவரை வாங்க விதி இடம் தருவதில்லை.

எனவே ஒரு சென்டர் எங்கே போவார் என்று வதந்தி கிளம்பினால், அவருடைய விருப்பத்தைக் கேட்பதைவிட, அவருக்காக யாரைக் கழற்றிவிட எந்த அணி துணியும் என்று கேட்பதே விடைக்குக் குறுக்குவழி.