ஆறிப்போன சாம்பாரும் அடம்பிடிக்கும் கணினியும்

கும்பகோணத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2005-இல் வாங்கிய டெஸ்க்டாப். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து அழைப்பு எல்லாம் இன்னமும் அதிலுள்ள பேஜ்மேக்கரில்தான். பழைய தமிழ் எழுத்துருக்கள் புதுக் கணினியில் கட்டம் கட்டமாகத் தெரிவதால் மாற்ற மனமில்லை. சிக்கல் இதுதான். காலையில் கடை திறந்து சுவிட்சைப் போட்டால் விண்டோஸ் சின்னம் வந்து அப்படியே உறைந்து நிற்கும். மவுஸ் நகராது. அணைத்துப் போட்டால் இன்னும் கொஞ்ச தூரம் போய் நிற்கும். நாலாவது தடவை, ஒன்றுமே நடக்காததுபோல ஓடும். அப்புறம் கடை அடைக்கிறவரை சிணுங்காது. ‘விண்டோஸ் கரப்ட்’ என்று சொல்லி இரண்டு முறை ஃபார்மட் போட்டுவிட்டார்களாம். கணினியை வேகமாக்கித் தரும் மென்பொருள் ஒன்றையும் காசு கொடுத்து ஏற்றியிருக்கிறார். மறுநாள் காலை, அதே கதை.

இரண்டு ஃபார்மட்டும் வீண். மென்பொருளுக்குக் குளிர் தெரியாது. காலையில் ஒரு மாதிரியும் பத்து மணிக்கு வேறு மாதிரியும் நடந்துகொள்ள அதற்கு உடம்பில்லை. கெட்டுப்போன விண்டோஸ் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் இடறும். தடவைக்குத் தடவை கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடி, சூடானதும் திருந்திவிடுகிற இயந்திரத்தில் ஏதோ ஒரு பொருள்தான் மாறிக்கொண்டிருக்க வேண்டும். பழைய கணினியில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள், மதர்போர்டில் பிராசஸரைச் சுற்றிக் காவல் நிற்கும் சின்ன உருளைகள். பாடப்புத்தகத்தில் மின்தேக்கி, கடையில் கெபாசிட்டர், பழைய ரேடியோ மெக்கானிக்குகளுக்குக் கண்டென்சர்.

இவை அங்கே என்ன செய்கின்றன? ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமையற்கட்டு கொல்லைப்புறத்தில், இலை கூடத்தில். இலையில் கேட்டபோதெல்லாம் கொல்லைக்கு ஓடினால் சாதம் ஆறிவிடும். அதனால்தான் வரிசைக்கு ஒரு சாம்பார் வாளி. கணினிக்குச் சமையற்கட்டு எஸ்எம்பிஎஸ் பெட்டி. அது 12 வோல்ட் அனுப்புகிறது. பிராசஸருக்கு அருகிலுள்ள சுற்று அதை 1.3 வோல்ட் அளவுக்குக் குறைக்கிறது. வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். வாசகரிடம் இருப்பது பென்டியம் 4 தலைமுறை. வேலை மும்முரத்தில் 60, 70 ஆம்பியர் உறிஞ்சும். உங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏசி ஏழெட்டு ஆம்பியரோடு நின்றுவிடுகிறது என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டு இந்த எண்ணை மறுபடி படியுங்கள்.

இந்த ஆம்பியர் சீராகவும் கேட்கப்படுவதில்லை. ஒரு கணம் சும்மா இருக்கும், மறுகணம் நாற்பது ஆம்பியர் கூடுதலாக வேண்டும் என்று கை நீட்டும். மின்சுற்றிலுள்ள சுருள் சுதாரித்துக்கொள்ளச் சில மைக்ரோவினாடி ஆகும். அந்த இடைவெளியில் ஊற்றுவது வாளி, அதாவது கெபாசிட்டர்.

இங்கேதான் எல்லோரும் தவறவிடுகிற ஒரு விஷயம். வாளி எவ்வளவு பெரியது என்பது மட்டும் கணக்கில்லை. கரண்டி எவ்வளவு பெரியது என்பதும் கணக்கு. வாளி நிறைய சாம்பார் இருந்தும் கையில் இருப்பது மருந்து ஸ்பூன் என்றால் பந்தி என்ன ஆகும்? அந்தக் கரண்டிக்குப் பொறியாளர்கள் வைத்த பெயர் ஈஎஸ்ஆர். கெபாசிட்டரின் உள்தடை என்று வைத்துக்கொள்ளலாம். தடை கூடினால் கரண்டி சிறுக்கிறது. வரிசையிலுள்ள எல்லா உருளைகளும் சேர்ந்து ஒரு மில்லிஓம் தடை காட்டும் நிலையில், திடீரென 40 ஆம்பியர் கேட்டால் 40 மில்லிவோல்ட் சரியும், பிராசஸர் கண்டுகொள்ளாது. தடை ஐந்து மடங்கானால் சரிவு 200 மில்லிவோல்ட். 1.3 போய் 1.1. உள்ளே டிரான்சிஸ்டர்கள் மந்தமாகி, அடுத்த துடிப்பு வருவதற்குள் கணக்கை முடிக்க முடியாமல், ஏதோ ஒரு ‘0’ இருக்க வேண்டிய இடத்தில் ‘1’ உட்கார்ந்துவிடும். அதன்பின் பிராசஸர் படிப்பதெல்லாம் உளறல். திரையில் நாம் பார்ப்பது, உறைந்த சின்னம். பயாஸ் திரையை வேலைப்பளு குறைவாகவே கடந்துவிடும் கணினி, விண்டோஸ் டிரைவர்களை எழுப்பத் தொடங்கும்போது விழுவதும் இதனால்தான். பசி அங்கேதான் ஏறி இறங்குகிறது.

சரி, கரண்டி ஏன் காலையில் மட்டும் சிறுக்கிறது? இதை விளக்க உருளையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் மதர்போர்டிலேயே அழகான பொருள் இதுதான். பிராசஸரையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உள்ளே இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே காகிதம், பாய்போலச் சுருட்டப்பட்டவை. இரண்டு தகடு, நடுவில் மின்கடத்தாப் பொருள் என்ற பள்ளிக்கூடப் படம் ஞாபகம் வந்து, காகிதம்தான் அந்த நடுப்பொருள் என்று நினைப்பீர்கள். இல்லை. முதல் தாளின் மேல் அலுமினியம் ஆக்சைடு ஒரு தோலாகப் படிந்திருக்கிறது. மின்னைத் தடுப்பது அதுதான். ஒரு வோல்ட்டுக்குச் சுமார் ஒன்றரை நானோமீட்டர் கனம். 6.3 வோல்ட் வரை தாங்கும் நம் உருளையில் அது பதினைந்து நானோமீட்டர்கூட எட்டுவது கடினம். ஒரு காகிதத் தாளின் கனத்துக்குள் சில ஆயிரம் தோல்களை அடுக்கிவிடலாம். தோல் எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு மின்னேற்றம் பிடிக்கும். போதாததற்கு அந்தத் தாளை அமிலத்தில் அரித்துக் குண்டும் குழியுமாக்கி, பரப்பை நூறு மடங்கு வரைகூடப் பெருக்கிவிடுகிறார்கள்.

அந்தக் குழிகளுக்குள் புகுந்து தோலைத் தொட எந்த உலோகத் தகட்டாலும் முடியாது. திரவத்தால் முடியும். காகிதம் ஊறிக் கிடக்கிற மின்பகுளிதான் உண்மையான இரண்டாவது தகடு! இன்னொரு அலுமினியத் தாள் அந்தத் திரவத்துக்கு மின்சாரம் கொண்டுவரும் வெறும் கம்பி. தோலில் எங்காவது கீறல் விழுந்தால், அந்த இடத்தில் கசியும் மின்சாரமே திரவத்திலிருந்து ஆக்சிஜனை இழுத்துவந்து புதுத் தோல் வளர்த்துவிடும். புண் ஆற்றிக்கொள்ளத் தெரிந்த உதிரிப்பாகம் கணினியில் வேறு எது?

திரவம் என்றதும் மர்மம் விடுபட்டிருக்கும். உலோகக் கம்பி சூடானால் தடை கூடும், மின்பகுளி நேர்மாறு. அதில் மின்சாரத்தைச் சுமப்பவை அயனிகள். குளிரில் திரவம் கெட்டியாகி அயனிகள் ஊர்கின்றன. சூட்டில் இளகி ஓடுகின்றன. ஆண்டுக்கணக்கில் ரப்பர் அடைப்பின் வழியே ஆவியாகி, வற்றி, அடியில் தங்கிய பழைய சாம்பார் இது. ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்து காலையில் இறுகியிருக்கும், கரண்டி இறங்காது. முதல் தடவை சுவிட்ச் போடும்போது, கூடிப்போன அந்த உள்தடையே மின்சாரத்தைச் சூடாக மாற்றி உருளையை உள்ளிருந்து காய்ச்சுகிறது. பக்கத்து அடுப்பாகப் பிராசஸர் வேறு. இரண்டாவது தடவை கொஞ்சம் இளகியிருக்கும். நாலாவது தடவை ரசப் பதம். (உவமையை இதற்கு மேல் இழுத்தால் பெருங்காயம் எது என்று கேட்பீர்கள், விட்டுவிடுகிறேன்.) இதில் ஒரு சங்கடம், கணினியை எழுப்பிவிடும் அதே சூடுதான் மிச்சத் திரவத்தையும் வற்ற வைக்கிறது. இன்று நாலாவது தடவை. அடுத்த டிசம்பரில் ஆறாவது.

வரலாறு வேண்டுவோருக்கு: இந்தத் தத்துவத்துக்குக் காப்புரிமை 1890-களில் போலந்துக்காரர் கரோல் பொல்லாக்குக்கு, திரவத்தைத் தொடும் இரண்டாவது தாளை 1925-இல் அமெரிக்கரான சாமுவேல் ரூபன் கொண்டுவந்தார். 1990-களில் தடையைக் குறைக்க மின்பகுளியில் தண்ணீரைத் தாராளமாகச் சேர்த்தார்கள். தண்ணீர் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜனைக் கக்கும். அதைத் தடுக்கும் வேதிப்பொருளும் கூடவே வேண்டும். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தத் தடுப்பு சரியாக இல்லாத கெபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி ஊதி வெடித்தன. டெல் நிறுவனம் 2005-இல் இதற்காகச் சுமார் 30 கோடி டாலர் ஒதுக்கியது. திருடிய சூத்திரம், பாதி மட்டும் கிடைத்த ரகசியம் என்று ஓர் உளவுக் கதையும் அன்று பத்திரிகைகளில் ஓடியது. ஊதிய உருளையை விளக்க உளவாளி எதற்கு, வேதியியல் போதும்.

அந்தக் கொள்ளைநோயில் சிக்காத நல்ல சரக்கும் சாகாவரம் பெற்றதில்லை. மேலே ‘105 டிகிரி’ என்று போட்டிருக்கும். அந்தச் சூட்டில் 2000 மணி நேரம் தாங்கும் என்பது வழக்கமான உத்தரவாதம். பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பு என்பது தொழில் கணக்கு. 65 டிகிரியில் 32,000 மணி நேரம். தினம் பத்து மணி நேரம் கடை நடத்துபவருக்குப் பத்து வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஃபேனில் தூசி அடைத்துப் பத்து டிகிரி ஏறினால் அதிலும் பாதி. மதர்போர்டுப் பெட்டியில் ‘ராணுவத் தரம்’, ‘ஜப்பானியக் கெபாசிட்டர்’ என்று அச்சடித்து விற்பவர்கள் இந்தக் கணக்கைப் பெட்டியில் அச்சடிப்பதில்லை.

கும்பகோணத்துக்காரர் செய்ய வேண்டியது. ஒரு காலை, கடை திறந்ததும் பயாஸ் திரைக்குள் போய்ச் சும்மா பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். அங்கேயே உறைந்தால் விண்டோஸ் நிரபராதி. உறையாமல், பத்து நிமிடம் கழித்து முதல் தடவையிலேயே விண்டோஸ் ஏறினால், நான் சொன்ன சூட்டுக் கதைக்கு அது நல்ல சாட்சி. ரேமின் பொன்முலாம் பற்களை ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்ச் சடங்கு. அதையும் ஒருமுறை செய்யுங்கள், தொடர்பு தளர்ந்திருந்தாலும் சூட்டில் இப்படிச் சரியாவது உண்டு. பிறகு பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்து உருளைகளின் தலையைப் பாருங்கள். அங்கே பிளஸ் அல்லது கே வடிவில் ஒரு கோடு கீறியிருக்கும். வாயு சேர்ந்தால் பக்கவாட்டில் வெடிக்காமல் அந்தக் கோட்டில் பிளக்கட்டும் என்று வைத்தது. தலை பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பாய்க் கசிந்திருந்தாலோ, ஆள் அவர்தான். சாதாரண மல்டிமீட்டரில் கெபாசிட்டன்ஸ் சரியாகக் காட்டுகிறது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். அது வாளியைத்தான் அளக்கும், கரண்டியை அளக்க ஈஎஸ்ஆர் மீட்டர் வேண்டும்.

மாற்றும்போது ‘லோ ஈஎஸ்ஆர், 105 டிகிரி’ என்று கேட்டு வாங்குங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒருபடி மேல். ரேடியோவுக்குப் போடும் சாதாரண உருளையைப் போட்டால் ஒரு வாரத்தில் இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். தலை தட்டையாக இருந்தாலும் உள்ளே வற்றியிருக்கலாம். எஸ்எம்பிஎஸ் பெட்டிக்குள்ளும் இதே ஜாதி உருளைகள் உண்டு. அதை மட்டும் திறக்காதீர்கள், உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். தெரிந்தவரிடம் ஒரு எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கி மாட்டி, மறுநாள் காலை கடை திறந்தவுடன் போட்டுப் பாருங்கள். பேஜ்மேக்கர் கோப்புகளையும் எழுத்துருக்களையும் அதற்கு முன்பே, நாலாவது தடவை ஓடும் ஏதாவதொரு நாளில், பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.